தேடல் இண்டெக்ஸ் நகலாக்கத்தில் தரவுச் சுருக்கம்: அளந்து முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

அப்பாச்சி சோலர் என்ற தேடல் மென்பொருளின் ஆவணத்தில், நகலாக்கத்தின்போது, அதாவது தேடல் இண்டெக்ஸை ஒரு சர்வரிலிருந்து மற்றவற்றுக்குப் பிரதியெடுக்கும்போது, தரவைச் சுருக்கி அனுப்பும் வசதிக்குப் பக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை பெரிய எழுத்தில் இருக்கிறது. பேண்ட்விட்த் குறைவாக இருந்தால் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள், ஒரே உள்ளூர் நெட்வொர்க்குக்குள் (லேன்) இது நகலாக்கத்தை மெதுவாக்கிவிடலாம் என்பது அதன் சாரம். நெட்வொர்க் மந்தமாகத் தெரிந்தவுடன் பலரும் முதலில் கைவைப்பது இந்த வசதியில்தான். ஆனால் சர்வர்களுக்கு இடையே நகரும் இண்டெக்ஸ் கோப்புகளில் பெரும்பகுதி ஏற்கெனவே சுருக்கப்பட்ட நிலையில்தான் இருக்கிறது. அதை மறுபடி பிழிவதில் கிடைக்கும் லாபம் எவ்வளவு, அதற்குச் செலவாகும் சிபியு எவ்வளவு என்று பார்க்காமல் முடிவெடுக்க முடியாது.

இந்த வழிகாட்டி சோலரின் லீடர் (இண்டெக்ஸைக் கட்டும் சர்வர்), ஃபாலோயர் (அதை நகலெடுக்கும் சர்வர்) முறையை மையமாக வைத்துப் போகிறது. பழைய பதிப்புகளில் இதே பாத்திரங்களுக்கு மாஸ்டர், ஸ்லேவ் என்று பெயர். இன்னொரு தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச் பற்றித் தனிப் பகுதி உண்டு. இரண்டுக்கும் அடியில் இருப்பது லூசீன் என்ற தேடல் நூலகம் என்பதால் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான்.

படி 1: எது பயணம் செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நகலாக்கத்தில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் ஒவ்வொரு ஆவணமும் மூல வடிவிலேயே எல்லாப் பிரதிகளுக்கும் அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பிரதியும் தன் இண்டெக்ஸைத் தானே கட்டிக்கொள்கிறது. எலாஸ்டிக்சர்ச்சின் இயல்பான வழி இதுவே. சோலரைப் பல சர்வர்களில் சேர்த்து ஓட்டும் சோலர்கிளவுடில் என்ஆர்டி (கிட்டத்தட்ட உடனுக்குடன் புதுப்பிக்கப்படும்) வகைப் பிரதிகளும் இப்படித்தான் இயங்குகின்றன.

இரண்டாம் வகையில் லீடர் மட்டும் இண்டெக்ஸைக் கட்டுகிறது. கட்டி முடித்த செக்மென்ட் (இண்டெக்ஸின் துண்டு) கோப்புகளை மற்றவை அப்படியே இறக்கிக்கொள்கின்றன. சோலரின் ரெப்ளிகேஷன் ஹேண்ட்லர் என்ற பகுதி செய்வது இந்த வேலையை. 2009-இல் வந்த சோலர் 1.4-க்கு முன்பு இதற்கு ஆர்சிங்க் என்ற கோப்பு நகலெடுக்கும் கருவியை வைத்து எழுதிய ஷெல் ஸ்கிரிப்டுகள் இருந்தன. 1.4-இல்தான் எச்டிடிபி வழியாக, ஜாவாவிலேயே நடக்கும் நகலாக்கம் வந்தது. சோலர் 7.0-இல் அறிமுகமான டிலாக், புல் வகைப் பிரதிகளும், ஓபன்சர்ச் 2.7-இல் முழுமையாக வெளியான செக்மென்ட் நகலாக்கமும் இதே சிந்தனையில் பிறந்தவை.

சுருக்கத்தைப் பொறுத்தவரை இந்த வேறுபாடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முதல் வகையில் போவது ஜேசன் போன்ற உரை. ஒரே புலப் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும், அடைப்புக்குறிகள் நிறைந்திருக்கும், அதனால் நன்றாகச் சுருங்கும். இரண்டாம் வகையில் போவது லூசீன் ஏற்கெனவே இறுக்கிக் கட்டிய பைனரி. உங்கள் அமைப்பில் இரண்டில் எது நடக்கிறது என்று உறுதி செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: கோப்பு வகைகளைப் பிரித்துப் பாருங்கள்

லூசீன் செக்மென்ட்கள் எழுதப்பட்ட பிறகு மாறுவதில்லை. புதிய ஆவணங்கள் புதிய செக்மென்டாகச் சேரும். அவ்வப்போது பல சிறிய செக்மென்ட்கள் இணைந்து ஒரு பெரிய செக்மென்டாகும். ஃபாலோயர் தன்னிடம் இல்லாத கோப்புகளை மட்டும் கேட்டு வாங்குகிறது. ஆகவே உங்களுக்குத் தேவையானது இண்டெக்ஸின் மொத்த அளவு அல்ல, ஒரு சுற்றில் புதிதாக நகரும் கோப்புகளின் அளவு.

இதைக் கண்டுபிடிக்க ரெப்ளிகேஷன் ஹேண்ட்லரிலேயே வழி இருக்கிறது. ஃபைல்லிஸ்ட் என்ற கட்டளையை ஒரு ஜெனரேஷன் எண்ணோடு (கமிட்டின் வரிசை எண்) அனுப்பினால், அந்தக் கமிட்டைச் (மாற்றங்கள் உறுதியாகப் பதிவான ஒரு நிலை) சேர்ந்த கோப்புகளின் பெயரும் அளவும் வரும். அடுத்த கமிட் வந்ததும் மறுபடி கேளுங்கள். இரண்டாவது பட்டியலில் இருந்து முதலாவதில் இல்லாதவைதான் வலைவழி போகப்போகும் சுமை. பரபரப்பான நேரம், அமைதியான நேரம் இரண்டையும் உள்ளடக்கும்படி ஒரு முழு நாளுக்கு இதைச் சேகரித்து, கோப்பு நீட்சிவாரியாகக் கூட்டிவையுங்கள்.

பட்டியல் கையில் கிடைத்தபின் எது சுருங்கும், எது சுருங்காது என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

எஃப்டிடி நீட்சியுள்ளவை சேமித்த புலங்கள். பெரும்பாலான இண்டெக்ஸ்களில் இடத்தை அதிகம் தின்பவை இவையே. 2013-இல் வந்த லூசீன் 4.1 முதல் இவை இயல்பாகவே எல்இசட்4 முறையில் சுருக்கப்படுகின்றன. அதன்மேல் டிஃப்ளேட் (ஜிசிப் பயன்படுத்தும் சுருக்க முறை) போட்டால் இன்னும் கொஞ்சம் குறையும். எல்இசட்4 வேகத்துக்காக உருவானது, எழுத்து அதிர்வெண்ணைப் பயன்படுத்தும் ஹஃப்மன் குறியாக்கம் அதில் கிடையாது, டிஃப்ளேட்டில் உண்டு. மிச்சம் கிடைப்பது அந்த வித்தியாசம் மட்டுமே.

டிஓசி, பிஓஎஸ் நீட்சியுள்ளவை எந்தச் சொல் எந்த ஆவணத்தில், எந்த இடத்தில் வருகிறது என்ற பட்டியல்கள். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை மட்டும் எடுத்து, 128 எண்கள் கொண்ட தொகுதிகளாக, தேவையான பிட்களில் மட்டும் அடைக்கப்பட்டவை. பைட் எல்லைகளை மதிக்காத இந்த அடைப்பில் பொதுச் சுருக்க முறைகளுக்குப் பிடி கிடைப்பது அரிது.

டிவிடி என்பது டாக் வேல்யூஸ், அதாவது வரிசைப்படுத்தவும் வகைபிரித்து எண்ணவும் உதவும் புல மதிப்புகள். இதுவும் பிட் அளவில் அடைக்கப்பட்டதுதான். ஆனாலும் ஒரே மதிப்பு வரிசையாகத் திரும்பி வரும் புலங்களில், அதாவது நிலை, வகை, நாடு போன்றவற்றில், எதிர்பாராத அளவு சுருங்கும். தரவைப் பொறுத்துப் பெரிதும் மாறக்கூடிய கோப்பு வகை என்றால் இதுதான். ஊகிக்காமல் சோதித்துப் பாருங்கள்.

வெக்டர் தேடல் (உரையை எண்வரிசையாக்கி ஒப்பிட்டுத் தேடுவது) வைத்திருப்பவர்கள் விஇசி கோப்புகளைத் தனியாகக் கவனியுங்கள். 768 பரிமாணமுள்ள ஒரு வெக்டருக்கு, பரிமாணத்துக்கு 4 பைட் வீதம், 3,072 பைட். ஒரு கோடி ஆவணங்களுக்கு ஏறத்தாழ 30 ஜிபி. இந்த மிதவைப் புள்ளி எண்களின் கீழ்ப்பகுதி பிட்கள் கிட்டத்தட்ட இரைச்சல்தான். எந்தப் பொதுச் சுருக்க முறையும் இங்கே பெரிதாக உதவாது. குவான்டைசேஷன் (எண்களைக் குறைந்த பிட்களில் குறுக்குவது) செய்தால் குறையும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: லூசீன் 9.9-இல் வந்த ஸ்கேலார் குவான்டைசேஷன் வடிவம் குறுக்கிய வெக்டர்களை வைத்துக்கொள்வதோடு மூல வெக்டர்களையும் கைவிடுவதில்லை. நினைவகத்தில் லாபம் உண்டு, ஆனால் நெட்வொர்க்கில் போகும் பைட்கள் கூடுகின்றன. வெக்டரை முதலிலிருந்தே பைட் வகையாகக் கொடுத்தால்தான் நகரும் அளவு கால்பங்காகும்.

சிஎஃப்எஸ் நீட்சி தெரிந்தால் அது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய பொட்டலம். சிறிய செக்மென்ட்கள் பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

படி 3: மூன்று வேகங்களை அளவிடுங்கள்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் முடிவு குருட்டாம்போக்காகவே இருக்கும்.

முதலில், நெட்வொர்க்கின் வேகம். ஐபெர்ஃப்3 கருவியை லீடரிலும் ஃபாலோயரிலும் ஓட்டுங்கள். ஒற்றை இணைப்பில் ஒருமுறை, நான்கு இணை இணைப்புகளில் ஒருமுறை. சோலரின் ஃபாலோயர் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இறக்குகிறது என்பதால் ஒற்றை இணைப்பின் எண்தான் உங்கள் கணக்குக்கு வேண்டும். நான்கு இணைப்பில் கிடைக்கும் மொத்த வேகம் அதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தால், பிரச்சினை பேண்ட்விட்த்தில் இல்லை. படி 4-இல் இதற்கு வருவோம்.

அடுத்து, சுருக்கும் வேகமும் விகிதமும் (மூல அளவு, சுருங்கிய அளவைப்போல் எத்தனை மடங்கு என்பது). முந்தைய படியில் கண்டுபிடித்த புதிய கோப்புகளின் நகலை வேறொரு இயந்திரத்துக்குக் கொண்டுபோய், அதே சிபியு வகையில் சோதியுங்கள். எல்இசட்4, இன்னொரு சுருக்க முறையான இசட்எஸ்டிடி ஆகியவற்றின் கட்டளைக் கருவிகள் இரண்டிலும் அளவிடுவதற்கென்றே ஒரு சோதனை முறை இருக்கிறது. டிஃப்ளேட்டுக்கு ஜிசிப்பை 6-ஆம் நிலையில் ஓட்டி நேரம் பாருங்கள். ஜாவாவின் டிஃப்ளேட்டர் இயல்பாக எடுத்துக்கொள்ளும் நிலையும் அதுவே. கோப்பின் முதல் சில மெகாபைட்களை மட்டும் வெட்டி எடுத்துச் சோதிப்பது தவறான படத்தைக் காட்டும், முழுக் கோப்பையும் கொடுங்கள்.

கடைசியாக, வட்டின் வேகம். ஃபாலோயரின் வட்டு எழுதும் வேகம் நெட்வொர்க்கைவிடக் குறைவாக இருந்தால் சுருக்கம் பற்றிய பேச்சே வீண். விரித்தபின் எழுதவேண்டிய பைட்கள் சுருக்கினாலும் சுருக்காவிட்டாலும் ஒன்றுதான்.

இப்போது கணக்கு. சுருக்குவதும் அனுப்புவதும் ஒரே குழாயில் அடுத்தடுத்து நடப்பதால், இரண்டில் எது மெதுவோ அதுவே மொத்த வேகம். சுருக்கும் வேகம் ஒரு பக்கம், நெட்வொர்க் வேகத்தைச் சுருக்க விகிதத்தால் பெருக்கியது மறுபக்கம். இவற்றில் சிறியதுதான் உங்களுக்குக் கிடைக்கும் வேகம். அது வெறும் நெட்வொர்க் வேகத்தைவிட அதிகமாக இருந்தால் மட்டும் லாபம்.

ஓர் உதாரணம். ஒரு சுற்றில் 20 ஜிபி நகர்கிறது, டிஃப்ளேட் ஒரு சிபியு கோரில் வினாடிக்கு 40 எம்பி சுருக்குகிறது, விகிதம் 1.3 என்று வைத்துக்கொள்வோம். 1 ஜிகாபிட் இணைப்பில், அதாவது வினாடிக்கு 125 எம்பி வேகத்தில், சுருக்காமல் அனுப்பினால் 160 வினாடி. சுருக்கினால் சிபியு தடையாகி 500 வினாடி. மும்மடங்கு மோசம். 10 ஜிகாபிட் இணைப்பில் 16 வினாடியில் முடியவேண்டியது அதே 500 வினாடிக்கு இழுக்கும். 100 மெகாபிட் இணைப்பில் கதை மாறுகிறது. சுருக்காமல் 1,600 வினாடி, சுருக்கினால் சுமார் 1,230. ஆறு நிமிடம் மிச்சம்.

இந்த உதாரணத்தில் எல்லைக்கோடு 320 மெகாபிட். ஒற்றை இணைப்பின் வேகம் அதைத் தாண்டினாலே டிஃப்ளேட் நட்டம், விகிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. உங்கள் சிபியுவுக்கு இந்த எண் வேறாக இருக்கும், ஆனால் இப்படி ஓர் எல்லைக்கோடு கட்டாயம் இருக்கும். விரிக்கும் வேலை சுருக்குவதைவிடப் பல மடங்கு வேகமானது என்பதால் ஃபாலோயர் பக்கச் சிபியு தடையாவது அபூர்வம்.

படி 4: சுருக்குவதற்கு முன் குறையுங்கள்

சுருக்கத்தால் 1.3 மடங்கு கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றிருக்கும் இடத்தில், நகரும் பைட்களையே குறைத்தால் ஐந்து மடங்கு, பத்து மடங்கு கூடக் கிடைக்கலாம்.

முதல் சந்தேகம் ஆப்டிமைஸ் மீது இருக்கட்டும். ஃபோர்ஸ்மெர்ஜ் என்று சொல்வதும் இதையே. எல்லாச் செக்மென்ட்களையும் ஒன்றாக்கினால் ஒவ்வொரு கோப்பும் புதியது. அடுத்த சுற்றில் முழு இண்டெக்ஸும் பயணம் செய்யும். இரவுதோறும் ஓடும் ஏதோ ஒரு பழைய கிரான் (நேரம் குறித்துத் தானாக ஓடும்) வேலையில் இது ஒளிந்திருக்கும். நகலாக்கம் மெதுவாக இருக்கிறது என்ற புகாரின் வேர் இங்கே இருப்பது வியப்பூட்டும் அளவுக்குச் சகஜம். தொடர்ந்து மாறிக்கொண்டிருக்கும் இண்டெக்ஸில் ஆப்டிமைஸ் தேவையே இல்லை என்பது என் கருத்து.

அடுத்தது இயல்பான மெர்ஜ். லூசீனின் டியர்டு மெர்ஜ் பாலிசி இயல்பாக 5 ஜிபி வரையுள்ள செக்மென்ட்களை உருவாக்கும். ஒரே ஆவணம் சிறிய செக்மென்டில் ஒருமுறை, நடுத்தரச் செக்மென்டில் ஒருமுறை, பெரியதில் ஒருமுறை என்று பலமுறை நெட்வொர்க்கைக் கடக்கும். ஃபாலோயர் மிக அடிக்கடி வந்து கேட்டால் இந்த இடைநிலைக் கோப்புகள் எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளும். ஃபாலோயர் வந்து கேட்கும் இடைவெளியான போல் இன்டர்வலை 10 வினாடியிலிருந்து 5 நிமிடமாக்கினால், இடையில் பிறந்து இறந்த செக்மென்ட்கள் நெட்வொர்க்கைத் தொடுவதே இல்லை. தேடல் முடிவுகள் சில நிமிடம் பழையதாக இருக்கலாம் என்றால் இதைவிட மலிவான வழி இல்லை.

முழு நகல் தேவையில்லாமல் நடக்கிறதா என்றும் பாருங்கள். ஃபாலோயரின் இண்டெக்ஸ் பதிப்பு லீடருடையதைவிடப் புதியதாக இருந்தால், சோலர் அதை முரண்பாடாகக் கருதி முழு இண்டெக்ஸையும் மறுபடி இறக்கும். யாரோ தவறுதலாக ஃபாலோயருக்கே ஓர் ஆவணத்தை எழுதினால் போதும், இது நடந்துவிடும். ஃபாலோயர்களின் அப்டேட் முகவரியை ஃபயர்வாலிலோ ப்ராக்சியிலோ அடைத்துவிடுவது நல்லது.

சேமிக்கவே தேவையில்லாத புலங்களையும் நீக்குங்கள். மூல உரை வேறொரு தரவுத்தளத்தில் இருக்கும்போது இண்டெக்ஸிலும் அதைச் சேமித்துவைப்பது பழக்கதோஷம்.

சேமித்த புலங்கள் கட்டாயம் வேண்டும் என்றால், அவற்றை வட்டிலேயே டிஃப்ளேட்டில் வைத்துக்கொள்ளும் வழி லூசீன் 5.0 முதல் இருக்கிறது. சோலரில் கோடெக் ஃபேக்டரியின் கம்ப்ரஷன் மோட் என்ற அமைப்பை பெஸ்ட் கம்ப்ரஷன் என்று மாற்றவேண்டும், எலாஸ்டிக்சர்ச்சில் இண்டெக்ஸ் கோடெக்கை (அதன் புதிய பதிப்புகளில் இது டிஃப்ளேட்டுக்குப் பதில் இசட்எஸ்டிடியைப் பயன்படுத்துகிறது). வழியில் சுருக்குவதைவிட இதை நான் எப்போதும் விரும்புவேன். காரணம் எளிது. வழியில் சுருக்கினால் ஆறு ஃபாலோயர்களுக்கு அதே பைட்களை ஆறு முறை சுருக்கவேண்டும். வட்டில் சுருக்கினால் ஒரே முறை, அதன் பலன் நெட்வொர்க்கிலும் வட்டு இடத்திலும் இயங்குதளத்தின் பேஜ் கேஷிலும் கிடைக்கிறது. விலை என்னவென்றால், தேடல் முடிவில் ஆவணங்களை எடுத்துத் தரும்போது விரிக்கும் நேரம் கூடும். ஒரு பக்கத்துக்குப் பத்து முடிவுகள் காட்டுபவர்களுக்கு அது தெரியாது. ஆயிரக்கணக்கில் ஏற்றுமதி செய்பவர்களுக்குத் தெரியும். புதிய செக்மென்ட்களுக்கு மட்டும்தான் மாற்றம் பொருந்தும், பழையவை மெர்ஜ் ஆகும்போது மாறும்.

கடைசியாக, தூரம். இரு தரவு மையங்களுக்கு இடையே போய்வர 100 மில்லிவினாடி ஆகிறது, இணைப்பு 1 ஜிகாபிட் என்றால், குழாயை நிரப்ப எந்நேரமும் 12.5 எம்பி தரவு வழியில் இருக்கவேண்டும். பல லினக்ஸ் அமைப்புகளில் டிசிபி பெறும் பஃபரின் இயல்பான உச்சம் 6 எம்பி, அனுப்பும் பஃபருக்கு 4 எம்பி. ஆக, ஒற்றை இணைப்பு எப்படியும் பாதிக் குழாயைக்கூட நிரப்பாது. ஐபெர்ஃப்3-இல் ஒற்றை இணைப்பு மெதுவாகவும் நான்கு இணைப்புகள் சேர்ந்து வேகமாகவும் தெரிந்தது இதனால்தான். இரு பக்கமும் டிசிபி ஆர்மெம் (பெறும் பஃபர்), டபிள்யூமெம் (அனுப்பும் பஃபர்) உச்சங்களை உயர்த்துங்கள். சிபியு செலவே இல்லாத வேகம் இது. பாக்கெட் இழப்பு இருக்கும் பாதைகளில் நெரிசல் கட்டுப்பாட்டை பிபிஆர் என்ற முறைக்கு மாற்றுவதும் சோதிக்கத் தகுந்தது.

படி 5: சோலரில் இயக்குதல்

இத்தனைக்குப் பிறகும் கணக்கு சுருக்கத்துக்குச் சாதகமாக இருந்தால், அமைப்பது ஒரே வரிதான். ஃபாலோயரின் சோலர்கான்ஃபிக் கோப்பில் ரெப்ளிகேஷன் ஹேண்ட்லருக்குள் ஃபாலோயர் என்ற பகுதி இருக்கும். லீடரின் முகவரி, போல் இன்டர்வல் ஆகியவை இருக்கும் அதே இடத்தில் கம்ப்ரஷன் என்ற பெயரில் ஒரு ஸ்ட்ரிங் மதிப்பைச் சேர்த்து, இன்டர்னல் அல்லது எக்ஸ்டர்னல் என்று கொடுங்கள். சோலர் கோரை (இந்த இண்டெக்ஸை இயக்கும் சோலர் அலகு, சிபியு கோர் அல்ல) மறுபடி லோட் செய்யுங்கள். லீடர் பக்கம் இன்டர்னலுக்கு எதுவும் மாற்றவேண்டாம். கேட்பது ஃபாலோயர், அதனால் முடிவும் அதனுடையது. ஒரு ஃபாலோயர் சுருக்கிக் கேட்க, இன்னொன்று சுருக்காமல் வாங்கிக்கொள்ளலாம். சோதனைக்கு இது வசதி.

இன்டர்னல் என்றால் லீடரின் ஜாவா நிரலே டிஃப்ளேட்டில் சுருக்கி அனுப்பும், ஃபாலோயர் விரித்துக்கொள்ளும். நிலையையோ முறையையோ மாற்ற வழியில்லை. எல்இசட்4 வேண்டும், இசட்எஸ்டிடி வேண்டும் என்று கேட்கமுடியாது.

எக்ஸ்டர்னல் என்றால் ஃபாலோயர் அக்செப்ட் என்கோடிங் தலைப்பை மட்டும் அனுப்பும். சுருக்குவது லீடருக்கு முன்னால் நிற்கும் வலை அடுக்கின் பொறுப்பு, அது சோலரோடு வரும் ஜெட்டி என்ற வலை சர்வராக இருக்கலாம் அல்லது ரிவர்ஸ் ப்ராக்சியாக இருக்கலாம். இங்கேதான் மௌனமான தோல்விகள் நடக்கும். எடுத்துக்காட்டாக, என்ஜின்எக்ஸ் என்ற ப்ராக்சியில் ஜிசிப்பை இயக்கினாலும் இயல்பாக அது எச்டிஎம்எல் வகைப் பதில்களை மட்டுமே சுருக்கும். இண்டெக்ஸ் கோப்புகள் பைனரி வகையாக வருவதால், அந்த வகையைப் பட்டியலில் சேர்க்காவிட்டால் எதுவும் சுருங்காது, எந்தப் பிழையும் தோன்றாது. ப்ராக்சி ஏற்கெனவே இருந்து, சுருக்க நிலையை 1-க்குக் குறைத்து வேகம் பெறவேண்டும் என்ற தேவையும் இருந்தால் எக்ஸ்டர்னலுக்கு நியாயம் உண்டு. இல்லையென்றால் இன்டர்னலோடு நில்லுங்கள்.

தொலைவிலுள்ள தரவு மையத்தில் பல ஃபாலோயர்கள் இருந்தால் ரிப்பீட்டர் அமையுங்கள். அந்த மையத்தில் ஒரே ஒரு சர்வர் லீடரிடமிருந்து சுருக்கத்தோடு வாங்கும், மற்றவை அதனிடமிருந்து உள்ளூர் நெட்வொர்க்கில் சுருக்காமல் வாங்கும். ரிப்பீட்டரின் அமைப்பில் லீடர் பகுதி, ஃபாலோயர் பகுதி இரண்டும் இருக்கவேண்டும், லீடர் பகுதியில் கமிட்டுக்குப் பின் நகலாக்கு என்ற விதியும் சேர்க்கப்படவேண்டும். குடிநீர் லாரி தெருமுனைத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போக, வீட்டார் குடத்தோடு வந்து பிடித்துக்கொள்வது போல. விலையுயர்ந்த நீள இணைப்பில் ஒரு நகல்தான் போகிறது என்பதால், சுருக்கத்தைவிட இந்த மாற்றமே பெரிய மிச்சத்தைத் தரும்.

படி 6: எலாஸ்டிக்சர்ச் பயன்படுத்துபவர்களுக்கு

இங்கே சுருக்கம் கணுக்களுக்கு (கிளஸ்டரில் சேர்ந்து இயங்கும் சர்வர்கள்) இடையேயான டிரான்ஸ்போர்ட் அடுக்கில் நடக்கிறது. டிரான்ஸ்போர்ட் கம்ப்ரெஸ் என்ற அமைப்புக்கு ட்ரூ, ஃபால்ஸ், இண்டெக்சிங் டேட்டா என மூன்று மதிப்புகள். பதிப்பு 8-இல் இயல்பு மதிப்பு இண்டெக்சிங் டேட்டா. மூல ஆவணங்கள் கணுவிலிருந்து கணுவுக்குப் போகும்போது மட்டும் சுருக்கு, செக்மென்ட் கோப்புகளை அப்படியே நகலெடுக்கும் மீட்பு வேலையைத் தொடாதே என்பது அதன் பொருள். படி 1-இல் பார்த்த பிரிவினையை அந்தக் குழு இயல்பு அமைப்பாகவே வைத்துவிட்டது. நல்ல தேர்வு, மாற்றக் காரணம் இல்லாவிட்டால் மாற்றாதீர்கள்.

சுருக்க முறைக்குத் தனி அமைப்பு இருக்கிறது, எல்இசட்4 அல்லது டிஃப்ளேட். பதிப்பு 8-இல் இயல்பு எல்இசட்4. மறுமுனைக் கணு எல்இசட்4 அறியாத பழைய பதிப்பாக இருந்தால் போக்குவரத்து சுருக்கப்படாமல் போகும், இணைப்பு முறியாது. படிப்படியாக மேம்படுத்தும்போது சில மணிநேரம் நெட்வொர்க் வரைபடம் ஏறித் தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

கிளஸ்டர்களுக்கு இடையேயான நகலாக்கத்தில் தொலைக் கிளஸ்டர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சுருக்கத்தை அமைக்கலாம். தூரத்துக் கிளஸ்டருக்கு ட்ரூ, உள்ளே இண்டெக்சிங் டேட்டா என்று வைத்துக்கொள்வது பொருத்தமான கலவை. மீட்பு வேலைகள் மெதுவாக இருப்பதாகப் பட்டால், சுருக்கத்துக்கு முன் மீட்பு வேக வரம்பைப் பாருங்கள். வழக்கமான கணுக்களில் அதன் இயல்பு மதிப்பு நெடுங்காலமாக வினாடிக்கு 40 எம்பி. இணைப்பு எவ்வளவு அகலமாக இருந்தாலும் அதற்கு மேல் போகாது.

படி 7: உண்மையில் சுருங்குகிறதா என்று சரிபாருங்கள்

ஃபாலோயரிடம் டீடெய்ல்ஸ் கட்டளையைக் கொடுத்தால், இறக்கவேண்டிய பைட்கள், இறக்கிய பைட்கள், வேகம், மீதி நேரம் எல்லாம் வரும். ஆனால் அந்தப் பைட் எண்ணிக்கை விரித்தபின் எண்ணப்படுவது. சுருக்கத்தை இயக்கினாலும் நிறுத்தினாலும் இறக்கிய பைட்கள் ஒன்றாகவே காட்டும். சுருக்கம் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டவும், பத்து மடங்கு சுருங்கியது என்று மகிழவும் இந்தத் திரையை வைத்துக்கொள்ள முடியாது. அதில் உருப்படியானது வேகமும் மொத்த நேரமும்தான்.

உண்மையில் வலைவழி போன அளவு வேண்டுமென்றால் நெட்வொர்க் கார்டின் கணக்கைப் பாருங்கள். சுற்று தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் இடைமுகத்தின் பெற்ற பைட்களைக் குறித்து, டீடெய்ல்ஸ் காட்டிய எண்ணை அந்த வித்தியாசத்தால் வகுத்தால் சுருக்க விகிதம் கிடைக்கும். ஃபாலோயரைத் தேடல் போக்குவரத்திலிருந்து எடுத்துவிட்டு இதைச் செய்தால் எண் சுத்தமாக இருக்கும். போலிங்கை நிறுத்திவைத்து, ஃபெட்ச் இண்டெக்ஸ் கட்டளையால் நீங்களே ஒரு சுற்றைத் தூண்டலாம்.

ஒப்பிடும்போது ஒரே கமிட்டைச் சுருக்கத்தோடும் இல்லாமலும் காலியான சோலர் கோருக்கு இறக்குங்கள். இரண்டாவது முறை லீடரின் கோப்புகள் நினைவகத்தில் சூடாக இருக்கும் என்பதால், வரிசையை மாற்றி இன்னொரு முறையும் செய்யவேண்டும். கூடவே லீடரின் சிபியுவைக் கோர்வாரியாகப் பாருங்கள். மொத்தச் சிபியு 10 விழுக்காடு என்று காட்டும்போது ஒரே ஒரு கோர் 100-இல் முட்டி நிற்பதுதான் டிஃப்ளேட் தடையாகிவிட்டதன் அடையாளம்.

படி 8: இயக்கியபின் வரும் சிக்கல்கள்

நகலாக்கம் நடுவில் முறிந்து, கோப்பு கிடைக்கவில்லை என்ற பிழை லாகில் தெரிந்தால், கமிட் ரிசர்வ் டியூரேஷனைப் பாருங்கள். ஃபாலோயர் இறக்கிக்கொண்டிருக்கும் கமிட்டை லீடர் அழிக்காமல் பிடித்துவைக்கும் கால அளவு இது. இயல்பு 10 வினாடி. 5 எம்பி இறங்க ஆகும் நேரத்தை ஒட்டி வைக்கச் சொல்கிறது ஆவணம். கமிட்கள் அடிக்கடி நடந்து, இணைப்பும் மெதுவாக இருந்தால் கூட்டுங்கள். சுருக்கம் சிபியுவில் முட்டி நகலாக்கம் நீளும்போது இந்தப் பிழை புதிதாகத் தலைகாட்டும்.

ரீட் டைம்அவுட்டும் அப்படியே. ஆவணத்தின் மாதிரியில் 10,000 மில்லிவினாடி என்று இருப்பதைப் பலர் அப்படியே ஒட்டிவைத்திருப்பார்கள். லீடர் மூச்சுத்திணறும் நேரத்தில் அது போதாமல் போகலாம்.

நகலாக்கம் மற்றப் போக்குவரத்தை நசுக்குகிறது என்பதுதான் மூலப் புகார் என்றால், சுருக்கம் அதற்கு மருந்தல்ல. லீடரில் வினாடிக்கு இத்தனை எம்பிக்கு மேல் அனுப்பாதே என்று வரம்பு போடும் மேக்ஸ் ரைட் அமைப்பு இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸின் பாதுகாப்பு) அடுக்கில் சுருக்கலாமே என்று யாராவது கேட்டால், அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது. 2012-இல் வெளியான கிரைம் தாக்குதலுக்குப் பின் அது கைவிடப்பட்டு, டிஎல்எஸ் 1.3-இல் முற்றிலும் நீக்கப்பட்டது. மறைகுறியாக்கம் (என்க்ரிப்ஷன்) செய்தபின் எதையும் சுருக்கவும் முடியாது. ஆகவே விபிஎன் சாதனம் சுருக்கும் என்று விற்கப்பட்டாலும், உள்ளே போவது எச்டிடிபிஎஸ் என்றால் பலன் இல்லை.

ஒரு பெரிய இண்டெக்ஸை முதல்முறை தொலைவுக்கு அனுப்பவேண்டும், அதன்பின் சிறு மாற்றங்கள்தான் என்ற நிலையில், முதல் நகலை மட்டும் வெளியே எடுத்துச் செய்வது சுலபம். லீடரில் பேக்கப் கட்டளையால் ஒரு நிலையான நகல் எடுத்து, ஆர்சிங்க் மூலம் அனுப்புங்கள். 2020-இல் வந்த ஆர்சிங்க் 3.2.0 முதல் எல்இசட்4, இசட்எஸ்டிடி இரண்டையும் தேர்ந்தெடுக்கலாம், சோலர் தராத வசதி அது. செக்மென்ட்கள் மாறாதவை என்பதால் ஆர்சிங்க்கின் வித்தியாசம் தேடும் கணக்குக்கு இங்கே வேலையில்லை, முழுக் கோப்பாக அனுப்பச் சொல்லும் விருப்பத்தைக் கொடுத்தால் இரு பக்கமும் வீண் உழைப்பு குறையும். போய்ச் சேர்ந்ததும் ஃபாலோயரின் இண்டெக்ஸ் அடைவில் வைத்து, போலிங்கை இயக்கி, முதல் சுற்றில் இறங்கும் கோப்புகளின் பட்டியலைப் பாருங்கள். முழு இண்டெக்ஸும் மறுபடி இறங்கத் தொடங்கினால் உடனே அபார்ட் ஃபெட்ச் கொடுத்து நிறுத்திவிட்டு, இரு பக்கத்து ஜெனரேஷன் எண்களையும் ஒப்பிடுங்கள்.